வெள்ளைப் பந்து நிற்கும் இடம்

ஸ்னூக்கர் இந்தியாவில் பிறந்த விளையாட்டு. 1875இல் ஜபல்பூர் ராணுவ முகாமில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் ஆங்கிலேய அதிகாரி, பில்லியர்ட்ஸ் மேசையில் கூடுதலாக வண்ணப் பந்துகளைச் சேர்த்து ஆடிப் பார்த்தார். (பின்னாளில் பிரிட்டனின் பிரதமரான சேம்பர்லின் வேறொருவர்.) இந்த அதிகாரி ஊட்டிக்கு வந்த பிறகு, 1882 வாக்கில் ஆட்டத்தின் விதிகள் எழுதப்பட்டு ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் வைக்கப்பட்டன.

மேசை ஏறக்குறைய 12 அடி நீளம், 6 அடி அகலம். மேலே பச்சைத் துணி, ஓரங்களில் 6 குழிகள். 15 சிவப்புப் பந்துகள், 6 வண்ணப் பந்துகள், ஒரு வெள்ளைப் பந்து. குச்சியால் வெள்ளையை மட்டுமே அடிக்கலாம். சிவப்பு ஒன்றுக்கு 1 புள்ளி. மஞ்சளுக்கு 2, பச்சைக்கு 3, பழுப்புக்கு 4, நீலத்துக்கு 5, இளஞ்சிவப்புக்கு 6, கறுப்புக்கு 7. ஒரு சிவப்பைக் குழியில் போட்ட பிறகு ஒரு வண்ணத்தைப் போட வேண்டும். சிவப்புகள் இருக்கும்வரை குழியில் விழுந்த வண்ணம் தன் இடத்துக்குத் திரும்பிவிடும், சிவப்பு திரும்பாது. சிவப்புகள் தீர்ந்தபின் வண்ணங்களை மதிப்பு வரிசையில் முடிக்க வேண்டும். ஒவ்வொரு சிவப்போடும் கறுப்பையே போட்டு, கடைசிவரை தவறாமல் முடித்தால் 147 புள்ளி.

கேரம் ஆடும் பிள்ளைக்கு இதில் பாதி தெரிந்ததே: வெள்ளைப் பந்துதான் ஸ்டிரைக்கர். அது குழியில் விழுந்தால் இங்கும் தண்டனை உண்டு. எதிராளிக்குக் குறைந்தது 4 புள்ளி போகும். ஆனால் கேரமில் ஒவ்வொரு அடிக்கும் ஸ்டிரைக்கரை எடுத்துக் கோட்டில் வேண்டிய இடத்தில் வைத்துக்கொள்ளலாம். ஸ்னூக்கரில் வெள்ளை எங்கே நின்றதோ அங்கிருந்துதான் அடுத்த அடி. ஆட்டத்தின் அழகு முழுவதும் இந்த ஒரு விதியிலிருந்து வருகிறது. பந்து குழியில் விழுவதைப் பார்ப்பவர் பாதி ஆட்டத்தைத்தான் பார்க்கிறார். வெள்ளை எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பவருக்கே முழு ஆட்டமும் தெரியும். நேர் அடியில், பந்தின் நடுவில் குத்தினால் மோதிய இடத்திலேயே நிற்கும். மேலே குத்தினால் பின்தொடர்ந்து ஓடும். கீழே குத்தினால் பின்னோக்கிச் சுழன்று ஆடுபவரை நோக்கியே திரும்பி வரும். தேர்ந்த ஆட்டக்காரருக்குக் கடினமான அடியே அதிகம் வருவதில்லை, ஏனெனில் ஒவ்வோர் அடியிலும் அடுத்த அடியை அவர் எளிதாக்கி வைத்துவிடுகிறார்.

போட வழியில்லாதபோது வெள்ளையை வேறொரு பந்தின் பின்னால் ஒளித்து நிறுத்துவதும் அதே கலைதான். எதிராளி பிறகு பெரும்பாலும் வெள்ளையை மேசையின் ஓரச் சுவரில் மோதவிட்டுச் சுற்றிவரச் செய்துதான் தான் அடிக்க வேண்டிய பந்தைத் தொட முடியும்.

தொழில்முறை உலகச் சாம்பியன் போட்டி 1927இல் தொடங்கியது. முதல் பட்டம் பெற்ற ஜோ டேவிஸ் 1946 வரை மொத்தம் 15 முறை வென்றார். 1977 முதல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் க்ரூசிபிள் என்ற நாடக அரங்கில் இது நடக்கிறது. 32 பேர், 17 நாள். தொடக்கச் சுற்றுகளில் ஒரே மேடையில் இரண்டு மேசைகள், நடுவே ஒரு தடுப்பு. முதல் சுற்றில் 10 ஃப்ரேம் (ஒரு ஃப்ரேம் என்பது ஒரு முழு ஆட்டம்) வென்றால் போதும். இறுதியில் 18 வெல்ல வேண்டும், அதற்கு இரண்டு நாள் ஆகும். இந்த நீளம் வீண் இல்லை. அதிர்ஷ்டத்தில் ஒரு ஃப்ரேமைப் பிடிக்கலாம், பதினெட்டைப் பிடிக்க முடியாது. ஆட்டக்காரரின் உடை பந்தில் உரசினால், நடுவர் கவனிக்காவிட்டாலும் அவரே சொல்லிவிட்டு நாற்காலிக்குப் போய்விடுவார். இந்த மரபு தனியே ரசிக்கத் தக்கது.

1985 உலகச் சாம்பியன் இறுதிப் போட்டியில் ஸ்டீவ் டேவிஸ் 8–0 என்று முன்னேறியிருந்தார். டென்னிஸ் டெய்லர் விரட்டிவந்து 17–17 ஆக்கினார். கடைசி ஃப்ரேமில் டேவிஸ் 62, டெய்லர் 44. மேசையில் பழுப்பு, நீலம், இளஞ்சிவப்பு, கறுப்பு மட்டும். நான்கையும் போட்டால்தான் டெய்லருக்கு வெற்றி. மூன்றைப் போட்டார். கறுப்பை இருவரும் மாறிமாறித் தவறவிட்டார்கள். நள்ளிரவைத் தாண்டி டெய்லர் அதைப் போட்டார். அந்த இறுதிப் போட்டி முழுவதிலும் அவர் முன்னிலைக்கு வந்தது அந்த ஓர் அடியில்தான்.

ஆசியாவுக்கு இந்தத் தொழில்முறை உலகப் பட்டம் 2025இல்தான் வந்தது; சீனாவின் ஜாவ் ஷின்டாங் வென்றார். அமெச்சூர் உலகப் பட்டத்தை இந்தியாவின் ஓம் அகர்வால் 1984இலேயே பெற்றார். 2003இல் பங்கஜ் அத்வானி. பெண்களுக்கான அமெச்சூர் உலகப் பட்டத்தை 2025இல் தோஹாவில் சென்னையைச் சேர்ந்த அனுபமா ராமச்சந்திரன், ஹாங்காங்கின் இங் ஆன் யீயை 3–2 என வென்று பெற்றார்.