கொடியில் விரித்த ஊர்

பிரேசிலில் 5,500க்கும் மேற்பட்ட நகராட்சிகள் உண்டு. கோடிப் பேர் வாழும் பெருநகரமானாலும் சரி, காப்பித் தோட்டங்களுக்கும் கரும்புக் கொல்லைகளுக்கும் நடுவே ஒரு தேவாலயமும் ஒரு சதுக்கமுமாக இருக்கும் சிற்றூரானாலும் சரி, அநேகமாக ஒவ்வொன்றுக்கும் சொந்தக் கொடியும் இலச்சினையும் இருக்கும். அரசு அலுவலக வாசல்களில் நாட்டுக் கொடி, மாநிலக் கொடி, ஊர்க்கொடி மூன்றும் அடுத்தடுத்துப் பறக்கும். முதலாவதை உலகம் அறியும். இரண்டாவதை நாடு அறியும். மூன்றாவதை அறிந்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள் மட்டுமே. எனக்குப் பிரியமானது அந்த மூன்றாவது கொடிதான்.

கொடி வடிவமைப்பைப் பற்றி இன்று எழுதுகிறவர்கள் சில விதிகளைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். எழுத்து கூடாது, முத்திரை கூடாது, இரண்டு மூன்று நிறங்களுக்கு மேல் கூடாது. ஒரு குழந்தை பார்க்காமலே வரையக்கூடியதாக இருக்க வேண்டும். இந்த அளவுகோலை நீட்டினால் பிரேசில் ஊர்க்கொடிகளில் பெரும்பாலானவை தேறமாட்டா. நடுவில் கேடயம், அதன்மேல் மகுடம், இரு பக்கமும் பயிர்க்கொத்து, கீழே பெயரும் ஆண்டும் எழுதிய நாடா என்று அவை நிறையச் சுமக்கின்றன. ஆனால் அந்த அளவுகோல் தூரத்திலிருந்து அடையாளம் காண்பதற்கானது. ஊர்க்கொடியின் வேலை வேறு. அது வாசிக்கப்படுவதற்காகச் செய்யப்பட்டது. வாசிக்கத் தெரிந்தவருக்கு அது தன் ஊரை வரைபடமாக விரித்துக் காட்டும்.

அந்த வாசிப்புக்கு ஓர் இலக்கணம் உண்டு. 1960களிலும் 70களிலும் ஏராளமான ஊர்களுக்குக் கொடியும் இலச்சினையும் வகுத்துத் தந்தவர் அர்சினோவே அந்தோனியோ பெய்ஷோட்டோ டி ஃபாரியா என்ற இலச்சினைக் கலைஞர். பல நகராட்சிச் சட்டங்களில் அவருடைய பெயரையும், அவர் சார்ந்திருந்த நகராட்சி இலச்சினைக் கலைக்களஞ்சிய அமைப்பின் பெயரையும் காணலாம். போர்த்துகீசிய மரபிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட அடிப்படை எளிமையானது. கொடியின் களத்தை நான்காக, ஆறாக அல்லது எட்டாகப் பகுக்க வேண்டும். கேடயத்தில் உள்ள நிறங்களே கொடியிலும் வர வேண்டும். நடுவில் ஒரு வட்டமோ சாய்சதுரமோ செவ்வகமோ அமைத்து, அதற்குள் இலச்சினையைப் பதிக்க வேண்டும்.

இந்த ஒவ்வொரு பகுதிக்கும் பொருள் உண்டு. நடுவில் இருக்கும் இலச்சினை நகராட்சி ஆட்சியைக் குறிக்கிறது. அதைத் தாங்கும் வெள்ளை வடிவம் ஆட்சி அமர்ந்திருக்கும் ஊர். அங்கிருந்து கொடியின் விளிம்புகளை நோக்கி ஓடும் பட்டைகள், நகராட்சியின் ஆளுகை எல்லாத் திசைகளுக்கும் பரவுவதைக் காட்டுகின்றன. பட்டைகளுக்கு இடையே விரியும் நிறப்பகுதிகள் சுற்றியுள்ள பண்ணை நிலங்கள். பிரேசிலில் நகராட்சி என்பது நகரோடு முடிந்துவிடுவதல்ல. சுற்றியுள்ள வயலும் காடும் மேய்ச்சல் நிலமும் அதற்குள் அடக்கம். அதனால்தான் கொடியிலும் நிலம் இடம்பெற்றே தீர வேண்டியிருக்கிறது. துணியின் பெரும்பரப்பு உழவருக்கு, நடுவில் சிறு இடம் அலுவலகத்துக்கு என்ற இந்தப் பங்கீட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

இதன் அழகான எடுத்துக்காட்டு, பரனா மாநிலத் தலைநகரான குரிடிபாவின் கொடி. 1967இல் சட்டமான இதுவும் பெய்ஷோட்டோ டி ஃபாரியா வகுத்ததுதான். பச்சைக் களம். நடுவில் வெள்ளைச் செவ்வகம். அதிலிருந்து கிடையாகவும் நெடுக்காகவும் மூலைகளை நோக்கியும் எட்டுப் பட்டைகள் கிளம்புகின்றன. ஒவ்வொரு பட்டையும் வெள்ளை. அதன் நடுவே சிவப்புக் கோடு. இந்த வெள்ளை ஓரத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இலச்சினைக் கலையில் பொன்னும் வெள்ளியும், அதாவது மஞ்சளும் வெண்மையும், உலோகங்கள். சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு முதலியவை நிறங்கள். உலோகத்தின்மேல் உலோகம் வரக் கூடாது, நிறத்தின்மேல் நிறம் வரக் கூடாது என்பது அதன் தலையாய விதி. பச்சையின்மேல் சிவப்பை நேரே வைத்தால் விதியும் உடையும், கண்ணுக்கும் இரண்டும் கலங்கித் தெரியும். இடையே வெண்மை வந்து இரண்டையும் பிரித்து வைக்கிறது. சிவப்பு தெறித்து நிற்கிறது, பச்சை ஆழம் கொள்கிறது. போர்க்களத்தில் தூரத்திலிருந்து கேடயத்தை அடையாளம் காணப் பிறந்த விதி, பல நூற்றாண்டுகள் கழித்து ஒரு தென் அமெரிக்க நகரத்தின் கொடிக்கம்பத்திலும் தன் வேலையைச் செய்கிறது.

குரிடிபாவின் கேடயத்தில் நிற்பது அரௌகாரியா மரம். தென் பிரேசிலின் மேட்டு நிலங்களில் வளரும் ஊசியிலை மரம் இது. உயர்ந்த தண்டின் உச்சியில் கிளைகள் கிண்ணம்போல் மேல்நோக்கி வளையும். நகரத்தின் பெயரே இந்த மரங்கள் நிறைந்த இடம் என்று பழங்குடி மொழியில் பொருள்படுவதாகச் சொல்வதுண்டு. கேடயத்தின் இருபுறமும் கோதுமைக் கதிரும் திராட்சைக் கொடியும். மரம் அந்த மண்ணுடையது. கோதுமையும் திராட்சையும் கடல் கடந்து குடியேறியவர்கள் கொண்டுவந்தவை. ஒரு நகரம் எவற்றால் ஆனது என்பதை மூன்று தாவரங்கள் சொல்லிவிடுகின்றன.

பயிர்களைத் தாங்கிகளாக வைப்பது இந்தக் கலையின் மிக நேர்மையான பழக்கம் என்று நினைக்கிறேன். ஐரோப்பிய இலச்சினைகளில் சிங்கமும் கழுகும் நிற்கும் இடத்தில் இங்கே காப்பி, கரும்பு, பருத்தி, சோளம், நெல். கொடியை வகுத்த காலத்தில் ஊருக்குச் சோறு போட்டது எதுவோ அதுவே கேடயத்தின் பக்கத்தில் நிற்கும். பிறகு காப்பி போய்க் கரும்பு வந்திருக்கலாம், கரும்பு போய் ஆலை வந்திருக்கலாம். கொடி பழைய பயிரை மறப்பதில்லை.

கேடயத்துக்கு மேலே மதில் மகுடம். கோட்டை மதிலும் கோபுரங்களுமாக அமைந்த இந்த மகுடம், ஆளும் மன்னரின் தலைக்கு உரியதல்ல, ஊருக்கே உரியது. மரபுப்படி எட்டுக் கோபுரங்கள்; முன்னாலிருந்து பார்க்கும்போது ஐந்துதான் தெரியும். நகரங்களுக்கு வெள்ளி மகுடம், தலைநகரங்களுக்குப் பொன் மகுடம். மதிலே கட்டியிராத உள்நாட்டுச் சிற்றூர்களின் தலையிலும் இந்த மதில் ஏறியிருக்கிறது. தன்னைத் தானே ஆளும் உரிமை பெற்ற இடம் என்பதற்கான அடையாளம் அது. அதைச் சூடும் தகுதி எந்தச் சிற்றூருக்கும் உண்டு.

பெரிய நகரங்களின் சின்னங்களில் இந்த இலக்கணம் கவிதையாகிறது. ரியோ டி ஜெனிரோவின் கொடி வெண்ணிறம். இரு நீலப் பட்டைகள் மூலைக்கு மூலை குறுக்கிட, நடுவில் சிவப்பில் இலச்சினை. இந்த அடிப்படை வடிவம் 1908இல் வந்தது. கேடயத்தில் கடலோடிகளின் வானக்கோளக் கருவி. அதை ஊடுருவி மூன்று அம்புகள். அம்புகள் நகரின் காவலரான புனித செபஸ்தியாருடையவை. அம்பெய்து வதைக்கப்பட்டவர் அவர். 1565இல் நகரை நிறுவிய எஸ்டாசியோ டி சா, 1567 ஜனவரி 20 அன்று, செபஸ்தியார் திருநாளில் நடந்த போரில் முகத்தில் அம்பு பாய்ந்து, அந்தக் காயத்தாலேயே மறு மாதம் இறந்தார். நகரைக் காக்கும் புனிதரின் வேதனையும் நிறுவியவரின் மரணமும் அந்த அம்புகளில் ஒன்றாகிவிடுகின்றன.

சாவோ பாவுலோவுக்கு இலச்சினை தேடி மேயர் வாஷிங்டன் லூயிஸ் போட்டி வைத்தார். ஓவியர் வாஸ்த் ரோட்ரிகசும் கவிஞர் கில்யெர்மே டி அல்மெய்டாவும் சேர்ந்து அளித்த வடிவம் 1917இல் ஏற்கப்பட்டது. சிவப்புக் கேடயத்தில் வெள்ளிக் கவசம் பூண்ட ஒரு கை. அது உயர்த்திய கொடியில், போர்த்துகீசிய வீரர் அமைப்பான கிறிஸ்து சபையின் சிலுவை. கள்ளிக்கோட்டைக்குப் புறப்பட்ட போர்த்துகீசியத் தளபதி கப்ராலின் கப்பல்கள் 1500இல் பிரேசில் கரையைத் தொட்டபோது பாய்களில் சுமந்து வந்த சிலுவை அதுதான். பக்கங்களில் பழுத்த காப்பிக் கிளைகள். கீழே லத்தீனில் முழக்கம்: நான் வழிநடத்தப்படுவதில்லை, வழிநடத்துகிறேன். ஓவியரின் கட்டுப்பாடும் கவிஞரின் சுருக்கமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் வேலை இது.

எனக்கு எல்லாவற்றிலும் நெருக்கமானது கம்பினாஸ் நகரின் சின்னம். 1889இல் மஞ்சள் காய்ச்சல் அந்த நகரைச் சூறையாடியது. இறந்தவர்கள் போக, பிழைத்தவர்களில் பலரும் ஊரை விட்டு ஓடினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் நகரம் தனக்கு ஓர் இலச்சினை வகுத்துக்கொண்டது: சாம்பலிலிருந்து எழும் ஃபீனிக்ஸ் பறவை. உழைப்பாலும் நற்பண்பாலும் நகரம் செழிக்கிறது என்பது முழக்கம். எழுந்து முடித்த பிறகு வைத்துக்கொண்ட பறவையல்ல அது. எழுவோம் என்று நம்பி வைத்துக்கொண்டது.

இந்தச் சின்னங்களை ஓர் அரசு அஞ்சியதும் உண்டு. 1937 நவம்பரில் அதிபர் வர்காஸின் சர்வாதிகார அரசு கொண்டுவந்த புதிய அரசியல் சட்டம், தேசியக் கொடியைத் தவிர வேறு கொடி கூடாது என்றது. அதே மாதம் 27ஆம் தேதி, ரியோவில் பொதுமக்கள் முன்னிலையில் மாநிலக் கொடிகள் நெருப்பில் இடப்பட்டன. ஊர்களின் சின்னங்களும் செல்லாமல் போயின. 1946 அரசியல் சட்டம் அந்த உரிமையைத் திருப்பித் தந்தது. 1988 அரசியல் சட்டமும் அதை உறுதி செய்கிறது. 1946ஐ அடுத்து வந்த சில பத்தாண்டுகளில் ஊர் ஊராகக் கொடிகள் பெருகியதை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஒரே அச்சில் வார்த்தவைபோலத் தோன்றும் அவற்றை அதற்காகக் குறைத்து மதிப்பிட மாட்டேன். வெண்பாவுக்குத் தளை இருப்பதால் எல்லா வெண்பாவும் ஒன்றாகிவிடுவதில்லை.

ஆனால் இந்த மரபு பேசாமல் விட்டவர்களும் இருக்கிறார்கள். அடி வளைந்த போர்த்துகீசியக் கேடயம் குடியேற்றம் செய்த இனத்தின் நினைவு என்று பல சட்டங்கள் வெளிப்படையாகவே சொல்கின்றன. சாவோ பாவுலோவின் கவசக் கை நினைவூட்டும் காலத்தில் உள்நாட்டுக்குள் படையெடுத்தவர்கள் பழங்குடிகளை அடிமைகளாகப் பிடித்து வந்தார்கள். கரும்பையும் காப்பியையும் விளைவித்த ஆப்பிரிக்கக் கைகள் பெரும்பாலான கேடயங்களில் இல்லை. பயிர் மட்டும் இருக்கிறது. கறுத்த மேற்பூச்சுடன் கிடைத்த பொன்னால் பெயர்பெற்ற ஓரோ பிரேட்டோ நகரின் பழைய முழக்கம், கறுப்பானாலும் விலைமதிப்புள்ளது என்றது. அடிமைகள் பொன் தோண்டிய ஊரில் அந்த ‘ஆனாலும்’ யாரைத் தைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பின்னர் முழக்கம் திருத்தப்பட்டது: விலைமதிப்புள்ள கறும்பொன்.

அந்தத் திருத்தம் எப்படி நடந்தது என்பதில்தான் இந்தக் கலையின் சிறப்பு எனக்குத் தெளிவாகிறது. பிரேசில் ஊர்க்கொடியின் வடிவம் மட்டுமல்ல, ஒவ்வொரு நிறத்துக்கும் உருவுக்கும் உள்ள பொருளும்கூட நகர்மன்றம் நிறைவேற்றும் சட்டத்தில் வரி வரியாக எழுதப்படுகிறது. வெண்மை அமைதி, வட்டத்துக்குத் தொடக்கமும் முடிவும் இல்லை, பட்டைகள் பரவும் ஆட்சி என்று ஊர்ப் பிரதிநிதிகள் கூடி முடிவெடுக்கிறார்கள். ஊர் தன்னைப் பற்றி என்ன சொல்ல வேண்டும் என்பது வாக்கெடுத்துத் தீர்மானிக்கப்படுகிறது. அப்படித் தீர்மானித்ததால்தான் அதை மாற்றவும் ஊருக்கு உரிமை இருக்கிறது. விட்டுப்போனவர்களைக் கேடயத்துக்குள் கொண்டுவர யார் அனுமதிக்கும் காத்திருக்கத் தேவையில்லை. நகர்மன்றத்தில் ஒரு சட்டம் போதும்.