மணி அடிக்கிறது, குறிப்பு எங்கே?

ஆசிரியர்களே, மாணவர்களே, உங்கள் கைப்பேசியில் இருக்கும் நினைவூட்டல்களை ஒருமுறை வரிசையாகப் பாருங்கள். 'இலக்கணம் படிக்க', 'கட்டுரை திருத்தம்', 'படிவம் 4 மதிப்பீடு', 'அந்தக் கவிதை'. போட்ட அன்று எல்லாமே தெளிவாகத்தான் இருந்திருக்கும். இரண்டு வாரம் கழித்து மணி அடிக்கும்போது எந்த இலக்கணம், யாருடைய கட்டுரை, எந்தக் கவிதை என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. பிடிபடாவிட்டால் என்ன செய்கிறோம்? 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிவிடுகிறோம்.

அந்தக் காலத்தில் மறக்காமல் இருக்க முந்தானையில் ஒரு முடிச்சுப் போட்டு வைப்பார்கள். முடிச்சைப் பார்த்தால் ஏதோ ஒன்று செய்ய வேண்டும் என்று தெரியும். அது என்னவென்று முடிச்சு சொல்லாது. நம் நினைவூட்டல்களில் பாதிக்கு மேல் இந்த முடிச்சுதான். நேரத்தைச் சொல்கின்றன, இடத்தைச் சொல்வதில்லை. குறிப்பு ஒரு செயலியில், மணி இன்னொரு செயலியில். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இணைப்பு நம் ஞாபகம் மட்டுமே. ஞாபகத்தை நம்ப முடியாமல்தானே நினைவூட்டலே போட்டோம்!

ஆகவே, இந்தச் செயலிகளை அழகு, நிறம், விலை ஆகியவற்றை வைத்து மட்டும் எடை போடாதீர்கள். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மணியைத் தட்டினால் குறிப்பு நேராகத் திறக்கிறதா? குறிப்பின் பெயரை மாற்றினாலும் இணைப்பு பிழைக்கிறதா? குறிப்பைத் திறந்தால், அதற்கு ஒரு மணி இருக்கிறது என்று அங்கேயே தெரிகிறதா?

நம்மில் பலர் பயன்படுத்தும் கூகுள் கீப் முதல் கேள்வியில் பெரும்பாலும் தேறிவிடுகிறது. குறிப்பின் மேலேயே மணிச் சின்னம் இருக்கிறது. நாள், நேரம் குறித்தால் போதும். நினைவூட்டலிலிருந்து அதே குறிப்புக்குப் போகலாம். மூன்றாவது கேள்விக்கும் பதில் 'ஆம்'தான், நேரம் குறிப்பின் அடியிலேயே தெரியும். குறை எங்கே என்றால், ஒரு குறிப்புக்கு ஒரு மணிதான். ஐந்து பக்க இலக்கணத்தை ஒரே குறிப்பில் கொட்டி வைத்தவருக்கு அந்த மணி வாசல்வரைதான் வழி காட்டும். உள்ளே தேடுவது அவர் பாடு. இன்னொன்று, கீப்பின் நினைவூட்டல்களைக் கூகுள் தன்னுடைய டாஸ்க்ஸ் செயலிக்கு மாற்றியிருக்கிறது. நாள்காட்டியில் எல்லாம் ஒன்றாகத் தெரிவது நல்லதுதான். ஆனால் 'பள்ளிக்குப் போனதும் நினைவூட்டு' என்பதுபோல் இடத்தை வைத்து ஒலிக்கும் வசதி இந்த மாற்றத்தில் போய்விடுகிறது.

ஐபோன் வைத்திருப்பவர்கள் ஆப்பிள் நோட்ஸில் எழுதி, ரிமைண்டர்ஸில் மணி வைக்கிறார்கள். குறிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு சிரியிடம் 'இதை நினைவூட்டு' என்ற பொருளில் சொன்னால், நினைவூட்டலோடு குறிப்புக்கான சிறு சின்னமும் சேர்ந்து வரும். அதைத் தட்டினால் குறிப்பு திறக்கும். வழி இருப்பது பலருக்குத் தெரியாது என்பதே இதன் பெரிய குறை. மேலும் இது ஒருவழிப் பாதை. குறிப்பைப் பார்க்கிறவருக்கு அதன்மேல் மணி காத்திருப்பது தெரியாது. தேவையில்லை என்று குறிப்பை அழித்துவிட்டால், மணி மட்டும் அநாதையாக அடிக்கும்.

வரி அளவுக்குத் துல்லியம் வேண்டுமென்றால் மைக்ரோசாப்ட் ஒன்நோட்டைப் பாருங்கள். கணினியில் ஒரு பத்தியின்மேல் வலப்பக்கம் சொடுக்கி, அந்தப் பத்திக்கு மட்டும் இணைப்பு எடுக்கலாம். அதை டு டூ செயலியிலோ நாள்காட்டியிலோ ஒட்டிவிட்டால், நாற்பது பக்கக் குறிப்பேட்டிலும் நேராக அந்தப் பத்தியில் போய் இறங்கலாம். வேலை கொஞ்சம் கூடுதல்தான், பலனும் கூடுதல். மலேசிய ஆசிரியர்களின் டெலிமா கணக்கில் கூகுள், மைக்ரோசாப்ட் இரண்டுமே இருப்பதால் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

நோஷனில் குறிப்பின் நடுவிலேயே நினைவூட்டலை எழுதிவிடலாம். மணியும் குறிப்பும் ஒரே வரியில் இருப்பதால் பிரிந்துபோகும் பேச்சே இல்லை. அப்சிடியனில் கதை வேறு. அதில் மணியே கிடையாது, பிறர் செய்த கூடுதல் நிரலைச் சேர்க்க வேண்டும். அதன் குறிப்புக்கான முகவரியை வேறு செயலியில் ஒட்டலாம். ஆனால் அது கோப்பின் பெயரை நம்பியிருக்கிறது. 'வலிமிகுதல்' என்ற கோப்பை 'புணர்ச்சி' என்று மாற்றினால், வெளியே ஒட்டிய இணைப்பு அறுந்துபோகும். இரண்டாவது கேள்வி ஏன் முக்கியம் என்பது இங்கே விளங்கும்.

சரி, இவ்வளவு நுணுக்கம் எதற்கு? எஸ்.பி.எம். எழுதப் போகும் மாணவரே, உங்களுக்காகத்தான். குறிப்பு எழுதுவதில் நம் மாணவர்கள் சோம்பேறிகள் இல்லை. வண்ண வண்ணமாக எழுதுகிறார்கள். எழுதியதைத் திரும்பப் பார்ப்பதில்தான் குறை. 'பாலை குடித்தான்' என்று எழுதியதை ஆசிரியர் திருத்துகிறார். இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்படையாக வந்தால் வலி மிகும் என்று மாணவர் குறித்துக்கொள்கிறார். அடுத்த மாதக் கட்டுரையில் 'புத்தகத்தை கொடுத்தான்' என்று வருகிறது. விதி குறிப்பேட்டில் பத்திரமாக இருக்கிறது, தேவைப்படும் நேரத்தில் மட்டும் கைக்கு வரவில்லை.

எனவே 'இலக்கணம் படிக்க' என்று நினைவூட்டல் போடாதீர்கள். அதைக் கேள்வியாக எழுதுங்கள். 'புத்தகத்தை, கொடுத்தான்: நடுவில் க் வருமா? ஏன்?' மணி அடித்ததும் முதலில் மனத்துக்குள் பதில் சொல்லுங்கள். அதன்பிறகு இணைப்பைத் தட்டிச் சரிபாருங்கள். இப்போது மணி வினாத்தாள் ஆகிறது, குறிப்பு விடைத்தாள் ஆகிறது. தேர்வு மண்டபத்துக்குள் கைப்பேசி வராது என்பதை மறக்கக் கூடாது. இணைப்பு வழியாகப் போய்ப் பழகியது, கடைசியில் இணைப்பே இல்லாமல் வர வேண்டும். சரியாகச் சொன்னால் அடுத்த மணியை ஒரு வாரம் தள்ளி வையுங்கள். தவறினால் நாளைக்கே வையுங்கள்.

ஆசிரியர்களுக்கு வேறொரு எச்சரிக்கை. மாணவர்களைப் பற்றிய குறிப்புகளையும் இப்படி இணைக்கிறோம்: யாருக்கு வாசிப்பு தடுமாறுகிறது, யார் வீட்டில் பிரச்சினை என்று. நினைவூட்டலின் தலைப்பு பூட்டிய திரையிலும் தெரியும். மடிக்கணினியைத் திரையோடு இணைத்துப் பாடம் நடத்தும்போது, வகுப்பு முழுக்கவே படித்துவிடும். ஒரு பிள்ளையின் பெயரும் அதன் குறையும் எல்லார் முன்னும் வந்து நின்றால், மன்னிப்புக் கேட்டு அதைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே தலைப்பில் '3ஆம் பாடவேளை, குறிப்பு 7' என்பதோடு நிறுத்துங்கள். பெயரும் விவரமும் குறிப்புக்குள்ளேயே இருக்கட்டும். தலைப்பில் எதையும் சொல்லாமலே சரியான இடத்துக்குக் கூட்டிப் போகிறது பாருங்கள், இணைப்பின் மதிப்பு இதில்தான் முழுதாகத் தெரிகிறது.

ஒரே நிறுவனத்தையே நம்பியிருப்பதிலும் ஆபத்து உண்டு. எவர்நோட் 2023 டிசம்பரில் தன் இலவசத் திட்டத்தை 50 குறிப்புகள், ஒரே குறிப்பேடு என்று சுருக்கியது. பள்ளிக் கணக்கும் நம் சொந்தக் கணக்கு ஆகாது. அதனால் ஒவ்வொரு குறிப்புக்கும் தெளிவான தலைப்பும் நாளும் கொடுத்து வையுங்கள். இணைப்பு அறுந்தாலும் தேடி எடுக்கலாம்.

எந்தச் செயலி சிறந்தது என்று கேட்டால், புதிதாகத் தொடங்குகிறவருக்குக் கீப் போதும், குறிப்புகளைச் சிறிதாக, ஒரு குறிப்புக்கு ஒரு விதி என்று வைத்துக்கொண்டால். பெரிய குறிப்பேடு வைத்திருப்பவருக்கு ஒன்நோட். இன்று இரவே புதிதாக எதையும் நிறுவ வேண்டாம். ஏற்கெனவே போட்டு வைத்த நினைவூட்டல்களில் மூன்றை எடுங்கள். ஒவ்வொன்றையும் கேள்வியாக மாற்றி, அதன் குறிப்போடு இணையுங்கள். எந்தக் குறிப்பைச் சொல்கிறது என்றே தெரியாத நினைவூட்டல் இருந்தால் அதை அழித்துவிடுங்கள். வெறும் முடிச்சுக்கு மணி எதற்கு?