நாடாவும் பாட்டும்

பாட்டொன்றை மதிப்பிடப் புகுவோர் அதன் சொல்லையும் மெட்டையும் பாடுவோன் குரலையும் ஆராய்ந்து அவ்வளவில் அமைவர். மேலைநாட்டு மெல்லிசையைப் பொறுத்தவரை இம்முறை போதாதென்பது எமது துணிபு. ஆங்கே ஒலிப்பதிவுக் கூடமும் பாட்டை ஆக்குவோருள் ஒன்றாய் நிற்கின்றது. இதனை நிறுவப் பீற்றில்ஸ் குழுவினரின் 'ஸ்றோபெரி பீல்ட்ஸ் போரெவர்' என்னும் பாட்டொன்றே சாலும்.

இப்பாட்டு 1966 ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் இலண்டன் அபி வீதியிலுள்ள இ.எம்.ஐ. ஒலிப்பதிவுக் கூடத்திற் பதியப்பெற்று, 1967 பெப்ரவரியில் வெளிவந்தது. அங்கிருந்த பொறி, ஓரங்குல அகலமுள்ள நாடாவில் நான்கு தடங்களையே பதியவல்லது. நான்கும் நிரம்பியபின் புதியன சேர்க்கவேண்டின், முன்னவற்றை ஒன்றாகக் கலந்து வேறொரு நாடாவிற்கு மாற்றல் வேண்டும். கலந்தவற்றை மீளப் பிரித்தல் அன்று இயலாது. ஆதலின், எவ்வொலி ஓங்குவது எவ்வொலி அடங்குவது என்பதை அப்பொழுதே துணியவேண்டியிருந்தது.

தொடக்கத்திற் கேட்கும் குழலிசையை நோக்குக. அக்கூடத்தில் அதனை ஊதியவர் எவருமிலர். மெலற்றன் என்னும் கருவியின் ஒவ்வொரு கட்டையின் கீழும் முன்னரே குழலொலி பதிந்த நாடாத் துண்டொன்று உண்டு. கட்டையை அழுத்த அந்நாடா ஓடி ஒலி எழுப்பும்.

இனி, இப்பாட்டின் உயிர்நிலைக்கு வருவாம். இதனை இயற்றிய ஜோன் லெனன், மென்மையான 7 ஆம் பதிவின் முற்பகுதியையும், எக்காளங்கள் நான்கும் செல்லோக்கள் மூன்றும் முழங்கும் 26 ஆம் பதிவின் பிற்பகுதியையும் இணைத்துத் தருமாறு வேண்டினார். இரண்டும் சுருதியாலும் காலத்தாலும் வேறுபட்டவை. பிந்தியது விரைவானது, சுருதியும் ஏறத்தாழ அரைத்தானம் உயர்ந்தது. நாடாவின் வேகத்தைக் குறைத்தால் சுருதியும் உடன் தாழும். இவ்வியல்பைத் துணைக்கொண்டு ஜோர்ஜ் மார்ட்டினும் ஜெவ் எமெறிக்கும் வேகங்களைத் திருத்தி, ஒரு நிமிட அளவில் இரு நாடாக்களையும் வெட்டி ஒட்டினர்.

நாம் கேட்கும் வடிவில் இப்பாட்டினை எவரும் எக்கணத்தும் பாடியதில்லை. ஆயின், இது வஞ்சனையோ? அன்று என்போம். உலகியல் வழக்கோடு நாடக வழக்கையும் தழுவியதே புலனெறி வழக்கம் என்பது தொல்காப்பியர் கொள்கை. நிகழ்ந்தபடி உரைத்தல் மட்டும் கலையின் உண்மையாகாது. லிவர்ப்பூலிலே தாம் வளர்ந்த இல்லத்தின் அருகிலிருந்த சிறுவர் இல்லமொன்றின் பெயரை லெனன் இப்பாட்டிற்கு இட்டார். வேகங் குறைந்தமையால் தடித்து மயங்கி ஒலிக்கும் அவர் குரல், பிள்ளைப்பருவ நினைவின் தெளிவின்மைக்குப் பெரிதும் பொருந்துகின்றது. எனினும் ஒரு குறை சொல்லாதிருத்தல் நேர்மையன்று: முற்பகுதியின் தனிமையைப் பிற்பகுதியின் முழக்கம் ஓரளவு விழுங்கிவிடுகின்றது.

இக்காலக் கணினி, சுருதியையும் காலத்தையும் வெவ்வேறாகத் திருத்தவும், தடங்களை வேண்டியவாறு பெருக்கவும் வல்லது. நான்கு தடங்களின் வறுமையே நல்ல பாட்டுக்குக் காரணம் என்பார் கூற்றும் பொருந்தாது. அப்பொறியிலேயே பதியப்பெற்று மறக்கப்பட்ட பாட்டுக்களும் உள. வறுமை, கலைஞரைத் துணியச் செய்தது, துணிந்தது செவியே. கருவி எதுவாயினும், எதனைக் கொள்வது எதனைத் தள்ளுவது என்னும் தீர்ப்பினை அது தாராது. அத்தீர்ப்பினை ஆராய்தலே திறனாய்வாளன் கடன்.