ஜன்னல் வெளிச்சத்தில் ஜிமிக்கி

ஜன்னலை ஒட்டி ஒரு மேசை, அதன் மேல் வெள்ளைச் சார்ட், கையில் செல்போன். பட்டு நூல் வளையலும் டெரகோட்டா ஜிமிக்கியும் வீட்டிலேயே செய்து வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்கும் பெண்களில் பலருக்கு இவ்வளவுதான் ஸ்டூடியோ. சில நூறு ரூபாய் வளையலுக்குப் புகைப்படக்காரரை அழைப்பது கட்டுப்படியாகாது. அழைத்தாலும் அடுத்த வாரம் வேறு நிறம், வேறு கல், வேறு டிசைன். ஆகவே செய்தவரே படமும் எடுக்கிறார். படம் அழகாக வருவதற்கு யோசனை சொல்ல யூடியூபில் ஆள் பஞ்சமில்லை. அந்தப் படம் வாங்குகிறவருக்கு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்ப்பவர்கள்தான் குறைவு. பார்சலைப் பிரித்தால் படத்தில் இருந்ததே கையில் இருக்கிறதா? இந்தப் பழக்கத்தை நான் அளப்பது அந்த ஒரு கேள்வியால்தான்.

வெளிச்சத்தில் வீட்டுப் படம் நன்றாகவே தேறுகிறது. டெரகோட்டா ஒளியைத் திருப்பி அடிக்காத பொருள். பக்கவாட்டிலிருந்து விழும் ஜன்னல் வெளிச்சத்தில் அதன் மேல் கீறிய கோடு, அழுத்திய புள்ளி, தங்க நிறப் பூச்சின் தடம் எல்லாம் எழுந்து நிற்கும். ஜன்னலுக்குக் குறுக்கே ஒரு பழைய வேட்டியைக் கட்டி, எதிர்ப்பக்கம் இன்னொரு வெள்ளை அட்டையை நிறுத்தினால் நிழல் இளகிவிடும். இதற்கு மேல் எந்த லைட்பாக்ஸும் அவசியமில்லை. பட்டு நூல் கொஞ்சம் அடம்பிடிக்கும்; கோணம் மாறினால் பளபளப்பும் மாறும். குந்தன் கல்லும் ஏடி எனப்படும் செயற்கை வைரக் கல்லும் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி. எடுப்பவரின் விரல், போன், தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறி எல்லாவற்றையும் தமக்குள் வாங்கிக்கொள்ளும்.

'வடக்கு ஜன்னலில் நேர்வெயில் வராது, அங்கே எடுங்கள்' என்று ஐரோப்பிய, அமெரிக்கக் கையேடுகள் சொல்வதை நம்மவர்களும் அப்படியே ஒப்பிக்கிறார்கள். அவர்கள் ஊரில் நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்திருக்கும். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. கோடையில் வடக்கு ஜன்னலில் வெயில் எட்டிப் பார்ப்பது அதனால்தான். திசையை விட்டுவிட்டு, நேர்வெயில் விழாத ஜன்னல் எது என்று அன்றன்று பார்ப்பதே நம் ஊருக்குச் சரி.

நிறம் என்று வந்தால் தடுமாற்றம் தொடங்குகிறது. ஜன்னல் வெளிச்சம் போதவில்லை என்று டியூப்லைட்டையோ மஞ்சள் பல்பையோ போட்டுவிடுகிறார்கள். பகல் ஒளி ஏறத்தாழ 5500 கெல்வின், மஞ்சள் பல்பு ஏறத்தாழ 2700. இரண்டும் ஒரே படத்தில் விழுந்தால் போன் எதை வெள்ளை என்று கொள்வது? ஒரு பக்கம் நீலம் பாய்கிறது, மறுபக்கம் மஞ்சள் பூக்கிறது. ராணி பிங்க் பாதிப் படங்களில் சிவப்பாகவே போய்விடுகிறது. மயில்கழுத்து நிறம் ஒருநாள் நீலம், ஒருநாள் பச்சை. வெள்ளைச் சார்ட்டும் தன் பங்குக்குக் குழப்பும். பளிச்சென்ற பரப்பைக் கண்டதும் போன் ஒளியைக் குறைத்துக்கொள்வதால் வெள்ளை சாம்பலாகும், வளையல் கறுக்கும். திரையைத் தொட்டு வெளிச்சத்தை ஒரு படி ஏற்றினால் சரியாகிவிடும். பலர் அதைச் செய்யாமல் பிறகு ஃபில்டர் போட்டு 'தூக்கி' விடுகிறார்கள்.

'நிறம் சற்று மாறுபடலாம்' என்ற ஒரு வரியில் இதையெல்லாம் தாண்டிவிட முடியாது. பட்டு நூல் வளையலைப் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட புடவைக்கு மேட்சாகத்தான் வாங்குகிறார்கள். நிறம் தவறினால் அந்த வளையலுக்கு வேறு வேலையே இல்லை. விற்பனைத் தளங்கள் வழியாக விற்பவர், விளம்பரத்தில் காட்டிய தன்மை பொருளில் இல்லாவிட்டால் அதைத் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் சொல்கின்றன. தளமே இல்லாத வாட்ஸ்அப் குழு விற்பனையில் 'நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்' என்பதுதான் முதல் வரி.

அளவு விஷயம் இன்னும் மோசம். செல்போனின் முதன்மை லென்ஸ் அகலக் கோணம் கொண்டது. சின்ன நகை என்று மிக அருகே கொண்டுபோனால் முன்னால் இருப்பது ஊதிப் பெருக்கும். ஜிமிக்கியின் குடை அண்டா போலவும் மேலே தோடு மிளகு போலவும் தெரியும். ஓர் அடி பின்னால் வந்து இரண்டு மடங்கு ஜூமில் எடுத்தால் உருவம் ஒழுங்காக இருக்கும். போர்ட்ரெயிட் மோடு பின்னணியைக் கணக்குப் போட்டு மங்கலாக்குவது. மெல்லிய கொக்கியையும் தொங்கும் மணியையும் பின்னணி என்று எண்ணி அழித்துவிடும். அளவு புரிய, பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்தால் போதும். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர், எல்லார் வீட்டிலும் இருக்கிறது. நாணயத்தை வைப்பதில்லை, ரோஜா இதழ், காபிக்கொட்டை, சீரியல் பல்பு, படிக்காத ஆங்கிலப் புத்தகம் எல்லாம் வைக்கிறார்கள்.

வளையலுக்கு 2.4, 2.6 என்று எழுதுவதோடு அளவு முடிந்தது என்று நினைக்கிறார்கள். வளையல் கடைக் கணக்கில் 2.4 என்றால் இரண்டு அங்குலமும் பதினாறில் நான்கு பாகமும். அதாவது இரண்டே கால் அங்குலம், 57 மில்லிமீட்டர். புதிதாக வாங்குகிறவர் அதைத் தசமம் என்று எண்ணி ஸ்கேலை வைத்து அளந்தால் கிட்டத்தட்ட நான்கு மில்லிமீட்டர் தவறும். கை நுழையாமல் போக அது போதும். உள்விட்டத்தை மில்லிமீட்டரில் எழுதுவதற்கு என்ன செலவு?

எனக்கு உடன்பாடே இல்லாதது, கடை கேட்லாக்கைப் பார்த்துப் போடும் நகல். அமேசானில் முதல் படத்தின் பின்னணி தூய வெள்ளையாக, பொருள் படச்சட்டத்தில் 85 சதவீதம் நிறைந்து இருக்க வேண்டும். லட்சக்கணக்கான பொருள்களை வரிசையாக அடுக்கும் இடத்துக்கு அந்த விதி பொருந்தும். வீட்டில் செய்தவரும் செயலி வைத்துப் பின்னணியை வெட்டி, தோற்றத்தை மழமழவென்று ஆக்கும்போது, கையால் செய்த அடையாளம் முதலில் போகிறது. பிறகு 'இரண்டு ஜிமிக்கியும் ஒரே மாதிரி இல்லையே' என்று புகார் வருகிறது. கைவேலையில் இரண்டும் அச்சாக இருக்காது. அதை முன்பே காட்ட வேண்டிய படம் அதை மறைத்துவிட்டால் வாங்கியவரைக் குறை சொல்ல முடியுமா?

ஆர்டரின் பேரில் செய்பவர்களிடம் இன்னொரு சிக்கல். முதலில் மிக நேர்த்தியாக வந்த ஜோடியின் படமே வருடக்கணக்கில் எல்லா ஜோடிக்கும் முகமாக இருக்கிறது. அந்தப் படம் குழு குழுவாகப் பயணம் போய், ரீசெல்லர்கள் கையில் செய்தவரின் பெயரை இழந்துவிடுகிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி படம் பொதுவாக எடுத்தவருக்கே சொந்தம்தான். முந்நூறு ரூபாய் தோட்டுக்காக யார் வழக்குப் போடுவார்கள்? திருட்டுக்குப் பயந்து நட்டநடுவே பெயரை அச்சடித்தால் நகை தெரியாது. செய்கிறவரின் கை, பாதி முடிந்த வேலை, மேசையில் சிந்திய நூல் ஆகியவற்றோடு எடுத்த படம் இதைவிட நல்ல காவல். அதை இன்னொருவர் தன்னுடையது என்று காட்டுவது கடினம்.

பின்பக்கத்தை மட்டும் ஏனோ விட்டுவிடுகிறார்கள். நூல் முடிந்த இடத்தில் பசை வழிந்திருக்கிறதா, காதில் மாட்டுவது திருகா கொக்கியா, ஜோடி எத்தனை கிராம் என்பவைதான் நகை எத்தனை நாள் உழைக்கும், காது வலிக்குமா என்பதைச் சொல்பவை. முன்பக்கத்தைப் பத்துக் கோணத்தில் எடுக்கும் பொறுமையில் ஒரு பங்கு இதற்குப் போனால் போதும்.

வெளிச்சத்தில் தேர்ச்சி, நிறத்தில் பாதி, அளவிலும் பின்பக்கத்திலும் தோல்வி. இதுதான் என் மதிப்பெண். தோற்ற பாடங்கள் எதற்கும் விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. வாங்குகிறவர்களும் ஒன்று செய்யலாம்: பணம் அனுப்புமுன் பின்பக்கப் படம் ஒன்று, ஸ்கேலோ நாணயமோ பக்கத்தில் வைத்த படம் ஒன்று கேளுங்கள். பொருளைக் கையில் வைத்திருப்பவர் ஐந்து நிமிடத்தில் எடுத்து அனுப்புவார். அடுத்தவர் படத்தை வைத்து விற்பவரால் முடியாது.