இடுப்பழகிக்கு யார் சோறு போடுவது?

2015இல் வந்த ‘இஞ்சி இடுப்பழகி’க்காக அனுஷ்கா எடையைக் கூட்டி நடித்தார். பருத்த பெண்ணை நாயகியாக்கியதும், மெலியவைக்கும் வணிகத்தை எதிர்த்ததும் படத்தின் பலம். ஆனால் அதன் வில்லன் வீட்டுக்கு வெளியே இருக்கிறான். எடை குறைப்பு மையம் நடத்துகிறான். வீட்டு வழக்கங்கள் தப்பித்துக்கொள்கின்றன.

எடை குறைப்பு அறுவை சிகிச்சையை யோசிக்கும் பெண்ணுக்கு இந்த விடுபடல் முக்கியமானது. இரைப்பையைச் சுருக்கிய பின் புரத உணவை முதலில், கொஞ்சம் கொஞ்சமாக மென்று உண்ண வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. சத்து மாத்திரைகளும் ரத்தப் பரிசோதனையும் ஆயுளுக்கும் தொடரும். 12 முதல் 18 மாதங்கள் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போடச் சொல்வார்கள்.

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் மக்காச்சோளக் காட்டிலிருந்து திரும்பி, எல்லோருக்கும் போட்டுவிட்டு மிஞ்சியதை உண்ணும் மருமகளின் கையில் இவற்றில் எது இருக்கிறது? வீட்டில் இருக்கும் ஒரு முட்டை யார் தட்டுக்குப் போகிறது? ‘விசேஷம் ஏதும் இல்லையா?’ என்று கேட்பவர்களுக்கு அவள் என்ன சொல்வாள்?

சர்க்கரை நோயும் மூட்டுவலியும் தணிய, தனக்காக ஒருத்தி இதைத் தேர்ந்தெடுக்கலாம். பெண்பார்க்க வருபவர்களுக்காக அல்ல. உணவு ஆலோசகர் முன் அவளோடு கணவனும் மாமியாரும் உட்கார்ந்து கேட்பதும் சிகிச்சைக்கான ஆயத்தம்தான்.