தொட்ட படமும் தொடாத படமும்
பொழுதுபோக்குப் படப்பிடிப்பாளர் இருவரைப் பற்றிய ஒரு நோக்கு

ஒளிப்படத்தைப் பற்றி நம்மிடையே நிகழும் உரையாடல்கள் பெரும்பாலும் ஒரே வினாவில் தொடங்கி அதே வினாவில் முடிந்துவிடுகின்றன. எடுத்தபின் படத்திற் கைவைக்கப்பட்டதா, இல்லையா என்பதே அவ்வினா. விடுமுறை நாட்களிற் கமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஹந்தானைச் சாரலுக்கோ மகாவலிக் கரைக்கோ சென்று திரும்பும் நண்பர்கள், அன்றிரவே கணினியின் முன் அமர்ந்து வானத்தை இருளச் செய்வர், மின்கம்பியை அழிப்பர், முகத்திற் படிந்த நிழலை அகற்றுவர். இதனைப் பொய்மை என்பார் ஒருசாரார். கலைஞனின் உரிமை என்பார் மறுசாரார். இவ்விரு சாராரும் பிழையான இடத்தில் நின்று வழக்காடுகின்றனர் என்பதே என் கருத்து.

இதனை ஆராய்வதற்கு, பிழைப்புக்காகவன்றி விருப்பினாற் கமராவைக் கையிலெடுத்து இத்தீவிலே படம்பிடித்த இருவரை ஈண்டு எடுத்துக்கொள்கின்றேன். ஒருவர் தம் படங்களில் நேர்ந்த வழுக்களைக்கூடப் பெரிதும் திருத்தாது விட்டவர். மற்றவர் இருட்டறையிலேயே படத்தைப் படைத்தவர் எனத்தக்கவர்.

முதலாமவர் ஜூலியா மார்கிரட் கமறன். 1815 இற் கல்கத்தாவிற் பிறந்த இவருக்கு, 1863 இல், நாற்பத்தெட்டாவது வயதில், மகளும் மருமகனும் ஒரு கமராவை அன்பளிப்பாக வழங்கினர். இங்கிலாந்தின் வைற் தீவில் இருந்த தமது வீட்டிலே நிலக்கரி வைக்கும் அறையை இருட்டறையாகவும், கோழிக்கூட்டைப் படப்பிடிப்புக் கூடமாகவும் மாற்றிக்கொண்டார். (படங்களை விற்றுப் பொருளீட்டும் எண்ணமும் அவருக்கு இருந்ததுண்டு, அவ்வெண்ணம் பெரிதாகக் கைகூடவில்லை.) அக்காலத்து முறை எளிதானதன்று. கண்ணாடித் தகட்டிற் கொலோடியன் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலிலே தோய்த்து, ஈரம் உலருமுன் படம்பிடித்துக் கழுவி எடுத்தல் வேண்டும். தூசியும் கைரேகையும் பூச்சின் வெடிப்பும் படத்திற் பதிந்துவிடும். தொழில்முறைப் படப்பிடிப்பாளர் இவற்றை மறைக்க முயன்றனர். கமறன் அம்மையாரோ அவற்றோடேயே படங்களை வெளியிட்டார். குவியம் பிசகிய மென்மையையும் விரும்பி ஏற்றார். அதற்காக அன்றைய ஒளிப்படக் கழகத்தாரின் ஏளனத்துக்கும் ஆளானார்.

இன்றைய வழக்கின்படி இவர் 'தொடாத' கட்சியைச் சேர்ந்தவர். ஆயின் வானியல் அறிஞர் ஹேர்ஷலை 1867 இற் படம்பிடிக்குமுன், அவரது நரைமுடி ஒளியை ஏந்தி விரிந்து நிற்கும்பொருட்டு அதனைக் கழுவச் செய்தவரும் இவரே. தம் வீட்டுப் பணிப்பெண்ணுக்கு முக்காடிட்டுக் கன்னி மரியாளாக அமர்த்தியவரும் இவரே. திருத்தம் இங்கே தகட்டின்மீது நிகழவில்லை. மனிதர்மீது, கமராவின் மூடி திறக்குமுன்னரே நிகழ்ந்துவிட்டது.

1875 இல் இவர் கணவருடன் இலங்கைக்கு வந்து சேர்ந்தார். கணவர் சார்ள்ஸ் ஹே கமறன், நம் வரலாற்றுப் பாடநூல்களில் நாம் அறிந்த கோல்புறூக் - கமறன் ஆணைக்குழுவின் கமறனேயாவார். மலையகத்தில் அவருக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1869 இற் காணப்பட்ட இலைநோய் கோப்பியை அரித்துக்கொண்டிருந்த காலம் அது. அத்தகைய தோட்டங்களிற் பாடுபட்டோர் தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்ட தமிழ்த் தொழிலாளர். அம்மையார் இங்கு எடுத்த படங்களில் எஞ்சியிருப்பவை முப்பது அளவிலானவையே. களுத்துறை இல்லத்துக்கு விருந்தினராக வந்த ஓவியர் மரியான் நோர்த் எழுதிவைத்த குறிப்புகள், அப்படப்பிடிப்பு எங்ஙனம் நிகழ்ந்தது என்பதை நகைச்சுவையுடன் காட்டுகின்றன. வெப்பமானி 96 பாகை பரனைற்றைக் காட்டிய வேளையிலே, நோர்த்துக்குக் காஷ்மீரத் துகில் போர்த்தி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, தலையிற் குத்தும் தென்னோலைகளுக்கு இடையே நிறுத்தி, இயல்பாக இருக்கும்படி பணித்தாராம் அம்மையார். இன்னொரு செய்தி சிந்தனைக்குரியது. ஓர் உள்ளூர் மனிதனின் முதுகு அழகாக இருந்ததென்று கண்டு, தமக்குத் தோட்டமே இல்லாதிருந்தும் அவனைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ளச் செய்தாராம்.

முதுகு கிடைத்தது; மனிதனின் பெயர் கிடைக்கவில்லை. 1878 இல் எடுக்கப்பட்ட களுத்துறைக் குடியானவர் குழுப்படம் அவரது இலங்கைப் படங்களுள் உயர்ந்தது என்பேன். அதன் அடியிலே, சிறுமிக்குப் பன்னிரண்டு வயது என்றும், தன்னை அவளின் தந்தை எனக் கூறும் முதியவர் தமக்கு நூறு வயது எனச் சொல்கின்றார் என்றும் அம்மையார் எழுதிவைத்துள்ளார். வயதைக் கேட்டவர், அதைக் குறித்தும் வைத்தவர், பெயரைக் குறிக்கவில்லை. ஒப்பிட்டு நோக்கின், வைற் தீவிலே மரியாளாக அமர்ந்த பணிப்பெண் மேரி ஹில்லியர் என்பது உலகறிந்தது. ஆகவே பணியாளர் என்பதனால் மட்டும் பெயர் விடுபட்டது எனக் கூறுதற்கில்லை. குடியேற்ற நாட்டின் மனிதர் என்பதும் அதனோடு சேர்ந்தே செயற்பட்டது.

இங்கே ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும். அக்காலத்திலும் பின்னரும் கொழும்பில் இயங்கிய ஸ்கீன், பிளாற்றே முதலிய படப்பிடிப்பு நிலையங்கள் 'தமிழ்க் கூலி', 'கொழுந்து பறிப்போர்' என்னும் வகைப்பெயர்களோடு படங்களை விற்றன. கப்பலில் வந்திறங்கிய பயணி விரும்பி வாங்கியது அதுவே. வாங்குபவனின் விருப்பம் வணிகனைக் கட்டுப்படுத்துகின்றது. பொழுதுபோக்குப் படப்பிடிப்பாளனுக்கோ அக்கட்டு இல்லை. அவனிடம் ஓய்வு உண்டு, பொருள் உண்டு, தன் மனம்போற் செய்யும் சுதந்திரம் உண்டு. அச்சுதந்திரத்தைக் கொண்டு அவன் என்ன செய்தான் என்பதே விமர்சகன் கேட்கவேண்டிய வினா.

லயனல் வென்ட் இவ்வினாவை மேலும் கடினமாக்குகின்றார். 1900 இல் உயர்நீதிமன்ற நீதியரசர் ஒருவரின் மகனாகப் பிறந்து, இலண்டனிலே சட்டமும் பியானோவும் பயின்று, 1924 இல் நாடு திரும்பியவர். சட்டம் அவரைக் கவரவில்லை, இசையே வாழ்வாயிற்று. ஒளிப்படக்கலையில் அவர் முழுமையாக ஈடுபட்டது 1930களிலேயே. பசில் றைற் இயக்கிய 'சோங் ஒவ் சிலோன்' என்னும் 1934 ஆம் ஆண்டு ஆவணப்படத்திலே றொபேட் நொக்ஸின் உரைநடையை வாசிக்கும் குரல் வென்ட்டினுடையது. ஓவியர் ஜோர்ஜ் கீற் முதலியோரைக் கொண்ட '43 குழு' உருவாவதற்கு முன்னின்றவரும் அவரே. மறு ஆண்டே, 1944 டிசம்பரில், நாற்பத்துநான்கு வயதில் மறைந்தார். அவரது பெயர் தாங்கிய அரங்கில் நாடகம் பார்த்தோர் நம்மிற் பலர். அவரது படங்களைக் கருத்தூன்றிப் பார்த்தோர் சிலரே.

வென்ட்டின் இருட்டறை வேலை வெறும் ஒப்பனையன்று. படம் உருத்துலக்கப்படும் நடுவேளையில் ஒளியைச் சற்றே பாய்ச்சினால், படத்தின் சில பகுதிகள் தம் இயல்பு திரிந்து, உருவத்தின் ஓரத்திலே மெல்லிய கோடொன்று தோன்றும். சோலரைசேசன் எனப்படும் இம்முறையைப் பாரிசில் மான் றேயும் பிறரும் கையாண்டனர். வென்ட் அதனைக் கையாண்டபோது, உடல் நிழலிற் கரையாது, செதுக்கிய கல்லைப்போற் பிரிந்து நிற்கின்றது. பல நெகற்றிவ்களை ஒன்றிணைத்துச் செய்த ஒட்டுப்படங்களும் அவரிடம் உண்டு. அவற்றுட் சில வெறும் கெட்டித்தனமே என்பதை ஒளிக்காமற் கூறவேண்டும். ஆயின் அவரது நேர்ப்படங்கள் அத்தகையன அல்ல. கடற்கரையில் வலை இழுப்போரையும், வயலில் நிற்போரையும் அவர் எடுத்த படங்களில் ஒளி தோலின்மீது படியும் விதம், அவருக்கு முன் இந்நாட்டைப் படம்பிடித்தவர் எவரிடமும் நான் காணாதது. வணிக நிலையத்துப் படத்தில் மனிதன் ஒரு மாதிரி. வென்ட்டின் படத்தில் அவன் ஒரு மேனி, ஒரு தசைநார், ஓர் அசைவு. இது முன்னேற்றமே.

எனினும் அவர் நிலக்காட்சியையும் மனிதனையும் ஒரே கண்ணாற் பார்த்தார். குளக்கரைப் பாறைக்குக் கிடைத்த அதே கவனம் உழைப்பாளியின் தோளுக்கும் கிடைத்தது. அதற்கு மேலாக ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் எடுத்த நண்பர்களின் படங்களைப் பார்க்கும்போது, இது இன்னார், இவர் எதையோ எண்ணிக்கொண்டிருக்கின்றார் என்ற உணர்வு எழுகின்றது. மீனவரின் படங்களில் அவ்வுணர்வு அரிதாகவே எழுகின்றது. மனித முகத்தைப் படம்பிடித்தல் வேறு, மனித உருவத்தைக் கொண்டு நிலக்காட்சி அமைத்தல் வேறு. வென்ட் இரண்டையும் அறிந்தவர். யாருக்கு எதனை வழங்குவது என்பதைத் தீர்மானித்தது அவரது வர்க்கம்.

இவ்விடத்தில் என் கூற்றுக்கு நானே ஒரு தடை எழுப்ப வேண்டியவனாகின்றேன். வென்ட்டின் ஆண் உடற் படங்களில் வெளிப்படும் விழைவு, 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின்கீழ்க் குற்றமாகக் கருதப்பட்ட ஒன்று என்பதை ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். அத்தகைய சூழலில் முன்னிருந்தவனின் பெயரை மறைத்தல் அவனுக்குச் செய்த காப்பாகவும் இருக்கலாம். பெயரின்மை எல்லா இடத்தும் ஒரே பொருளைத் தருவதில்லை. கமறன் அம்மையாரின் தோட்டக்காரன் பெயரிழந்தமைக்கு இத்தகைய காரணம் எதனையும் கூறமுடியாது. மேலும் வென்ட்டின் மறைவுக்குப் பின் அவரது நெகற்றிவ்கள் அழிக்கப்பட்டன. 1950 இல் வெளிவந்த அவரது படநூலும் பிறர் தொகுத்ததே. அதன் தெரிவையும் வரிசையையும் அவரது நோக்கமாகக் கொண்டு வாதிடுவது பொருந்தாது.

ஆகவே கைவைத்தமை பற்றிய வழக்கு இவ்விருவரிடமும் நமக்கு எதனையும் விளக்கவில்லை. தகட்டைத் தொடாத அம்மையார் மனிதரைத் தொட்டு மாற்றினார். நெகற்றிவை உருமாற்றிய வென்ட், உடலின் உண்மையை அவரினும் நெருங்கினார். இருவரிடமும் விடுபட்டது எதுவென்பது, சட்டகத்தினுள் எது நுழையலாம் என்று எடுத்த முடிவிலேயே தங்கியுள்ளது.

இதனை நான் நூலிலிருந்து மட்டும் அறியவில்லை. சென்ற ஆண்டு மலையகத் தோட்டமொன்றில், காலை மூடுபனி விலகும் வேளையிலே கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவரைப் படம்பிடித்தேன். தலையிலிருந்து முதுகிற் தொங்கிய நீலநிறப் பொலித்தீன் சாக்கு, பச்சையும் சாம்பலுமாக அமைந்த காட்சியைக் கெடுத்தது. கணினியில் அதனை இருளாக்கி, நிழலோடு நிழலாகக் கரைத்துவிட்டேன். மின்கம்பியும் லயத்துத் தகரக்கூரையும் போயின. நண்பர்கள் பாராட்டினர். படியொன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"சாக்கு எங்க தம்பி? அன்னைக்குப் பதினெட்டுக் கிலோ எடுத்திருந்தேனே."

நான் அழகெனக் கருதிய வளைவு அச்சாக்கின் பாரத்தால் வளைந்த முதுகு. பாரத்தை அழித்துவிட்டு வளைவை வைத்துக்கொண்டேன். முதுகுக்காகத் தோட்டக்காரனை அமர்த்திய அம்மையாரை எள்ளி நகைத்தவன்தான் நானும்.

சாக்கைத் திரும்பவும் இட்டு இரண்டாம் படியொன்று செய்தேன். லயத்துக் கூரையும் மீண்டது. அவரது பெயரைப் படத்தின் அடியில் எழுதலாமா என்று கேட்டேன். தகப்பனாரின் பெயரையும் சேர்த்தே எழுதச் சொன்னார். இக்கட்டுரையில் அப்பெயரை நான் தரவில்லை. படத்துக்கு மட்டுமே அவரிடம் அனுமதி பெற்றிருந்தேன். இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்த நண்பர்கள் முதலாவதே சிறந்ததென்கின்றனர். உருவ அமைப்பை மட்டும் கொண்டு பேசின் அவர்கள் கூற்றை மறுக்க என்னால் இயலவில்லை. அந்த நீலம் இன்றும் என் கண்ணை உறுத்திக்கொண்டேயிருக்கின்றது.