கல்லறைக்குத் தகுதிச் சான்று

ஒரு கல்லறையைக் காப்பாற்றணுமா வேண்டாமா என்ற பேச்சு வந்தால் நம்மூரில் முதல் கேள்வி, உள்ளே இருப்பவர் யார் என்பதுதான். தலைவரா, புலவரா, புனிதரா? 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பின் அடியிலும் இதே கேள்வி ஓடுவதாக எனக்குப் பட்டது.

உயர் நீதிமன்ற வளாகத்தில், பழைய சட்டக் கல்லூரிப் பக்கம், உச்சி கூரான ஒரு கல்லறை நிற்கிறது. அதில் இருப்பவர்கள் இருவர். ஒருவர் கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர் ஜோசப் ஹின்மர்ஸ். இன்னொருவர் 1687 முதல் 1692 வரை கவர்னராக இருந்த எலிஹு யேலின் மகன் டேவிட், சிறு குழந்தை. 1921இலிருந்து அது பாதுகாக்கப்பட்ட சின்னம். அதனால் சுற்றிலும் 100 மீட்டருக்குப் புதிய கட்டடம் கூடாது. வளாகத்துக்கோ பல அடுக்கு வாகன நிறுத்தம் தேவை. வழக்கு நடந்தது. இது பழஞ்சின்னத்துக்கான வரையறைக்குள் வராது, வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்றது தீர்ப்பு.

வண்டி நிறுத்த இடம் கேட்பது நியாயம்தான். யேலுக்காக வாதாடவும் நான் வரவில்லை. அவர் காலத்தில் இந்தக் கரையிலிருந்து மனிதர்கள் அடிமைகளாகக் கப்பல் ஏற்றப்பட்டார்கள். அவர் பெயர் தாங்கிய பல்கலைக்கழகமே அடிமைமுறையோடு தனக்கிருந்த தொடர்புக்காக 2024இல் மன்னிப்புக் கேட்டது. என் சிக்கல் வேறு.

அந்த இடம் முழுக்க ஒருகாலத்தில் ஆங்கிலேயரின் இடுகாடு. 1758 கடைசியில் லாலியின் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, கல்லறைகளுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டது. முற்றுகை முடிந்ததும் ஆங்கிலேயர்களே தங்கள் இடுகாட்டை இடித்தார்கள். எழுத்துப் பொறித்த கற்களைப் பெயர்த்துக் கோட்டைக்குள் புனித மரியாள் தேவாலயத்தைச் சுற்றித் தரையில் பதித்தார்கள். பெயர்கள் அங்கே போயின, உடல்கள் இங்கேயே கிடந்தன. கல்லறையை நகர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சோதனை வேண்டியதில்லை. இங்கே ஒரு இடுகாடு இருந்தது என்று அந்த இடத்திலேயே நின்று சொல்ல மிஞ்சியது ஓரிரண்டு கல்தான். அதையும் நகர்த்தினால் மிஞ்சுவது வெறும் கல்.

எங்கள் பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அதை அடையாளம் கண்டு எழுதினார். இன்று வேலி, பூங்கா எல்லாம் உண்டு. அந்த மரம் வாழ்நாளில் என்ன சாதித்தது என்று யாரும் கேட்டதில்லை. இங்கே கடல் இருந்தது என்பதற்கு அது சாட்சி, அவ்வளவு போதும். பக்கத்து அரியலூரில் அதே பழங்கடலின் சிப்பிகளும் நத்தைகளும் புதைந்த சுண்ணாம்புக்கல்லைத் தோண்டி அரைத்து சிமெண்ட் ஆக்குகிறோம். அதுவும் ஒரு இடுகாடுதான். அது அத்தனையையும் காப்பாற்ற முடியாது, சரி. ஆனால் எல்லாம் போன பிறகு மிஞ்சுகிற ஒன்றுக்கு மதிப்பு கூடுமே தவிரக் குறையாது.

என் தொழிலில் மென்பொருளின் மாற்ற வரலாற்றை அழிக்க விடமாட்டார்கள். வெட்கப்பட வேண்டிய மாற்றங்களும் அதில் இருக்கும். அதை அழித்தால் தப்பு எங்கிருந்து வந்தது என்று தேட வழி இருக்காது. காலனிய அடையாளம் என்று சொல்லி இந்தக் கல்லை அகற்றினால் மறைவது யேலின் பெருமை மட்டுமில்லை, குற்றம் நடந்த இடமும்தான்.

கல் அங்கேயே நிற்கட்டும். பக்கத்தில் தமிழில் ஒரு பலகை வையுங்கள். குழந்தையின் பெயர், அப்பாவின் பதவி, கப்பல் ஏறியவர்கள் கதை, இடிந்த இடுகாட்டின் கதை எல்லாம் அதில் இருக்கட்டும். வண்டி நிறுத்துபவர்கள் படித்துவிட்டுப் போகட்டும்.